முழங்காலுக்குக் கேட்ட நட்டஈடு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஐம்பதுகளில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் கட்டிச் சம்மாந்துறைக்குச் சைக்கிள் மிதித்த ஆட்களில் என்னை முந்தியவன் எவனும் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் இரண்டொருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கரைவலை ஏறி மீன் மணலில் விழுந்ததும் மற்றவர்கள் விலை பேசிக்கொண்டு நிற்பார்கள். நான் பேசி, வாங்கி, பெட்டியில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடிக் காரைதீவைத் தாண்டியிருப்பேன். சம்மாந்துறையில் பெண்கள் என் ஹோர்ன் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள். பெட்டி நிறைந்தால் சைக்கிள் ஒரு ஆளை விடப் பாரமாக இருக்கும். அதை எதிர்க்காற்றில் வயல்வெளி நெடுக மிதிப்பதென்றால் முழங்காலில் பலம் வேண்டும். எனக்கு அது இருந்தது.

அந்தச் சைக்கிள் எனக்குச் சும்மா வந்ததல்ல. வாப்பா சாகும்வரை இன்னொருவரின் வலையைத்தான் இழுத்தார். நானும் மீசை முளைக்க முன்னர் அதே கயிற்றைப் பிடித்தேன். வலைக்காரர் ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், பங்கைக் குறைத்தால் வாய் திறக்கக் கூடாது. ஒரு நாள் கயிற்றை மணலில் போட்டுவிட்டு வந்தேன். பழைய சைக்கிள் ஒன்றைப் பிடித்து, துருவை நானே சுரண்டி, பெட்டியையும் நானே அடித்தேன். அதன்பிறகு எனக்கு நானே முதலாளி. சின்ன முதலாளிதான். ஆனாலும் விடிந்ததும் இன்னொருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லாத முதலாளி.

காரைதீவுச் சந்தியில் லொறி என்னை அடித்த அன்று பெட்டி நிறையக் கீரி மீன். சந்தியில் என் பக்கத்தால்தான் நான் திரும்பினேன். நெல்லு மில் முதலாளி ஒருவரின் லொறி சம்மாந்துறைப் பக்கமிருந்து நெல் மூட்டைகளோடு வந்து, வளைவைக் குறுக்காக வெட்டி, என் பக்கத்துக்கே வந்துவிட்டது. பிழை லொறியில்தான். இதை இங்கே நன்றாகச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு இதற்கு மாறாகச் சொன்னவனும் நான்தான்.

முன்சில்லு என் வலது முழங்காலில் ஏறி இறங்கியது. சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த காரைதீவு மனிதர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவர். அவர்தான் கடைக் கதவுப் பலகை இரண்டைக் கழற்றி வந்து என்னை அதில் கிடத்தினார்.

“கால அசைக்காதீங்க தம்பி,” என்றார்.

“மீன் என்னாச்சு அண்ணே?”

“மீனுக்கு ஒண்டுமில்ல. அது முந்தியே செத்ததுதானே. நீங்க பேசாமக் கிடங்க.”

ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். நான் கட்டிலில் கிடந்தும் வாய் ஓயவில்லை. கட்டு அவிழ்த்த அடுத்த நாளே சைக்கிளில் ஏறுவேன் என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பந்தயம் கட்டினேன்.

கட்டோடு வீட்டுக்கு வந்த கிழமையே எங்கள் பள்ளிவாசல் மரைக்காயர் என்னைத் தேடி வந்தார். ஊரில் நல்லது கெட்டது எல்லாம் அவர் கையால்தான் முடியும். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். லொறி டிரைவர் அட்டாளைச்சேனைப் பொடியன் என்றும், பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சி என்றும், பொலிசுக்குப் பயந்து சோறு தின்னாமல் திரிகிறான் என்றும், மன்னிப்புக்காக ஏங்குகிறான் என்றும் சொன்னார்.

“மாப்புக் கேக்கணுமாம். ஜும்ஆக்குப் பொறகு பள்ளிக்குள்ள வச்சு முடிப்பமா தம்பி?”

“வரச் செல்லுங்க,” என்றேன். இதைச் சொல்ல நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மச்சான்மார் இருவர் என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் போல இருந்தது. தொழுகை முடிந்தும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அந்தப் பொடியன் வந்து என் முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். அவன் கை ஈரமாக இருந்தது. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு அல்லாஹ்வுக்காக மாப்புத் தரச் சொல்லிக் கேட்டான்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழமையைச் சொல்ல வேண்டும். மாப்புக் கேட்டவனிடம் வெறுமனே ‘தந்தேன்’ என்று சொல்லிக் கையை எடுத்தால் அது குறைச்சல். கேட்கிறவன் நாலு பேர் முன்னால் தலை குனிந்திருக்கிறான். அந்தத் தலையை நிமிர்த்திவிடுவது கொடுக்கிறவனின் கடமை. அதற்காகப் பிழையில் ஒரு பங்கைத் தன் மேல் போட்டுக்கொள்வான். என்னிலும் பிழை இருக்கிறது என்பான், என் நஸீபு, என் தலைவிதி என்பான். அது கேட்கிறவனுக்கும் தெரியும், சுற்றி நிற்கிறவர்களுக்கும் தெரியும். அதைப் பொய் என்று ஒருவரும் சொல்வதில்லை. கொடுக்கிறவன் பெரிய ஆளென்றால் அவன் எடுக்கும் பங்கும் பெரிதாக இருக்கும்.

நான் சின்னப் பங்கு எடுக்கிற ஆளா? பள்ளி முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

“ஒன்னில ஒரு பிழையும் இல்ல தம்பி. நான்தான் மீன் யோசினையில பாக்காமத் திரும்பின. லொறி அதுட பக்கத்தாலதான் வந்த. எழும்பு. ஊட்ட போய்ச் சோறு தின்னு.”

பொடியன் என் கையில் முகத்தை வைத்து அழுதான். பின்னால் இருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். மரைக்காயர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அன்று இருந்த நிறைவு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கல்யாணத்தன்றும் இருக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சேருமுன் கதை வந்து சேர்ந்துவிட்டது. பெண்சாதி அடுப்படியில் நின்றபடியே கேட்டாள்.

“இஞ்சருங்க, மாப்புக் குடுக்கத்தானே போன? பிழையையும் சேத்து வாங்கிட்டு வந்திரிக்கீங்களாமே?”

“ஒனக்கு வெளங்காது புள்ள. அது பெரிய மனிசத்தனம்.”

“பெரிய மனிசர் ஒரு கால வச்சிட்டு எப்பிடி மீனுக்குப் போறண்டு பாப்பம்.”

நானே முறைப்பாட்டைப் பெரிதாக எடுக்காததால் பொலிஸ் வழக்கும் அத்தோடு சப்பென்று போய்விட்டது.

கட்டு அவிழ்த்தபோது எலும்பு நன்றாக ஒட்டியிருப்பதாக டாக்குத்தர் சொன்னார். ஒட்டியதென்னவோ உண்மை. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. எண்ணெய் போட்டோம், ஒத்தடம் கொடுத்தோம், முறிவுக்குப் பார்க்கிற பரிகாரியார் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். நான் கத்திய கத்தலில் அயல் கூடியது, கால் மட்டும் வலைக்கம்பு போல நேராகவே நின்றது. நடக்கலாம், காலை வீசி வீசி நடக்கலாம். தொழுகையில் ஒரு காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். ஆனால் சைக்கிள் மிதிக்க முழங்கால் மடங்க வேண்டும். இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தேன். மச்சான் பின்னால் பிடித்துத் தள்ள, வலது கால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு போக, இரண்டு வீடு தாண்டுமுன் மணலில் சரிந்தேன். பெட்டி இல்லாமலே அந்தப் பாடு. சிறுசுகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

அந்த நாட்களில்தான் கல்முனையில் முடிவெட்டப் போன இடத்தில் ஒருவர் இன்சூரன்ஸ் என்ற சொல்லைச் சொன்னார். லொறிக்காரர்கள் கட்டாயம் அதில் பணம் கட்டி வைத்திருப்பார்களாம். அடிபட்டவன் கோட்டில் வழக்குப் போட்டுக் கேட்டால் கொம்பனிதான் கொடுக்குமாம், முதலாளியின் கையைக் கடிக்காதாம், டிரைவரின் சட்டைப்பையிலும் கை வைக்காதாம். எனக்குக் கண் திறந்தது போல இருந்தது. அந்த நட்டஈடு கிடைத்தால் கடைத்தெருவில் ஒரு மூலையில் இருந்துகொண்டே மீன் விற்கத் தட்டொன்று போடலாம். முழங்கால் மடங்காவிட்டாலும் நான் என் காலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் வலைக்காரரின் முகத்தைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

ஆனாலும் மனதில் ஒரு உறுத்தல். மாப்புக் கொடுத்துவிட்டு வழக்குப் போடலாமா? மரைக்காயரிடமே போய்க் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“நீங்க மாப்புக் குடுத்தது டிரைவருக்குத்தானே. லொறிக்கு ஆரும் மாப்புக் குடுக்கல்ல. போடுங்க தம்பி.”

கல்முனையில் ஒரு பிரக்கிராசியைப் பிடித்தேன். நல்ல மனிதர், இரண்டு மூன்று மீனுக்காகவே வழக்குப் பேசுவார் என்று பேர். என் காலைப் பார்த்தார், சந்தியின் வரைபடத்தைக் கீறிப் பார்த்தார், தேத்தண்ணிக்கடைக்காரரைச் சாட்சிக்கு எழுதினார். கடைசியில் கேட்டார்.

“விபத்தைப் பற்றி யாரிட்டையும் ஏதும் சொன்னீங்களா? எழுதிக் கிழுதிக் குடுத்தீங்களா?”

“எனக்கு எழுதத் தெரிஞ்சாத்தானே ஐயா. ஒண்டும் குடுக்கல்ல.”

பள்ளியில் நடந்ததை நான் மறைக்கவில்லை. அது என் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். பள்ளிக்குள் மாப்புக் கொடுத்தது அல்லாஹ்வோடு முடிந்த காரியம். அதற்கும் பிரக்கிராசிக்கும் என்ன இருக்கிறது?

வழக்குத் தவணை தவணையாகத் தள்ளிப் போனது. கோடு இருந்த பட்டினத்துக்கு ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போக வேண்டும். மடக்க முடியாத காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு இருப்பேன். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாரும் அதைக் கடந்து போவார்கள். கொண்டக்டர் ஒருமுறை, “நாநா, அந்தக் காலுக்கும் ஒரு டிக்கட் எடுங்க,” என்றான். பஸ்ஸே சிரித்தது. சும்மா விடுகிற ஆளா நான், “அதுக்குத்தான்டா கோட்டுக்குப் போறன், காசு கிடைச்சா ரெண்டு டிக்கட் எடுக்கன்,” என்றேன்.

சாட்சிகளை விசாரிக்கிற விளக்கம் வந்த நாளில் கோட்டு வாசல் மரத்தடி வாங்குப் பலகையில் எங்கள் மரைக்காயர் இருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. தொழுகைக்கு முகம் கழுவுவது போல வுழூ எடுத்துவிட்டு வந்திருந்தார் போலும், தாடியில் ஈரம் தெரிந்தது.

“நீங்க ஏன் வந்த?” என்றேன்.

“கோட்டுக் கட்டளை வந்திச்சி தம்பி. லொறிப் பக்கத்துக்குச் சாட்சியாம்.” என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “குர்ஆன்ல கை வச்சா இரிக்கிறதத்தானே செல்லணும்.”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என் நல்ல குணத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் தேத்தண்ணிக்கடைக்காரர் ஏறினார். லொறி பிழையான பக்கத்தால் வந்ததென்று, அசைக்க முடியாமல், நடந்தது நடந்தபடி சொன்னார். எங்கள் பிரக்கிராசி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு நான் கூண்டில் ஏறினேன். ஏறியது என்று சொல்வதை விட, ஏற்றினார்கள் என்பதுதான் சரி. கொம்பனிக்காக வாதாடப் பெரிய அப்புக்காத்து ஒருவர் வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, தங்க ஃபிரேம் கண்ணாடி. அவர் இங்கிலீஷில் கேட்பார், கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் அதைத் தமிழில் எனக்குச் சொல்வார், நான் சொல்வதை முதலியார் இங்கிலீஷில் நீதவானுக்குச் சொல்வார்.

“வெள்ளிக்கிழமை தொழுகையின் பின்னர் பள்ளிவாசலில் வைத்துச் சாரதியைச் சந்தித்தீரா?”

“ஓம்.”

“சாரதியில் பிழை இல்லை, நானே பார்க்காமல் திரும்பினேன் என்று கூறினீரா?”

அப்போதுதான் மரைக்காயர் மரத்தடியில் வந்து இருந்ததன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

“ஐயா, அது மாப்புக் குடுக்கக்குள்ள செல்ற கதை,” என்றேன். வழமையை விளக்கினேன். கேட்கிறவனின் தலையை நிமிர்த்துவது, பங்கு எடுப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். சந்தையில் நான் பேசினால் கூட்டம் கூடுகிற வாய் இது. முதலியார் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, நீதவான் பக்கம் திரும்பி ஒரே மூச்சில் நாலைந்து சொல் சொன்னார். நான் ஒரு கூடை நிறையக் கொடுத்ததிலிருந்து அவர் இரண்டு மீனை எடுத்துக் கொடுத்தது போல இருந்தது. நீதவான் எதையோ எழுதினார். அதில் என்ன எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புக்காத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். முதலியார் சொன்னார்.

“பள்ளிவாசலுக்குள் நீர் கூறியது பொய்யா, அல்லது இப்போது இங்கே கூறுவது பொய்யா?”

“ரெண்டும் பொய்யில்ல ஐயா.”

கோட்டில் சிரிப்பு எழும்பியது. நீதவான் சிரிக்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றார் முதலியார்.

பின்பக்க வாங்குப் பலகையில் எங்கள் ஊர் ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். அன்று பள்ளியில் மாஷா அல்லாஹ் சொன்னவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். வாசல் நிலையில் மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பள்ளிக்குள் இருந்து, தொழுத முகத்தோடு, ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன் என்று அந்தக் கூண்டில் நின்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் கால் பிழைக்கும். நான் எங்கள் பிரக்கிராசியைப் பார்த்தேன். அவர் கண்ணால் கெஞ்சினார். எனக்கு வாய் வறண்டுவிட்டது. வாழ்க்கையில் வாய் வறண்டது அந்த ஒரு முறைதான்.

“பள்ளிக்குள்ள நான் பொய் செல்லல்ல,” என்றேன்.

அப்புக்காத்து இருந்துவிட்டார். மரைக்காயரை அவர்கள் கூப்பிடவே இல்லை. தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் பிரக்கிராசி கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். கோபத்தைவிடக் களைப்புத்தான் தெரிந்தது.

“ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க கேக்கல்லயே ஐயா.”

“கேட்டனே. யாரிட்டையும் ஏதும் சொன்னீங்களா எண்டு கேட்டனே.”

“அது மனிசரிட்டச் சென்னதத்தானே கேட்டீங்க.”

அவர் கடதாசிக் கட்டைக் கக்கத்தில் வைத்தார். பிறகு, “சரி, பஸ் போயிடும், நடவுங்க,” என்றார். தேத்தண்ணிக்கடைக்காரரும் நானும் ஒன்றாகத்தான் திரும்பி வந்தோம். காரைதீவில் இறங்கும்போது அவர், “நான் கண்டதச் சொன்னன் தம்பி,” என்று மட்டும் சொன்னார். ஏதோ அவரில்தான் குறை என்பது போல அந்த மனிதர் சொன்னார்.

தீர்ப்பு அடுத்த தவணையில் வந்தது. வழக்குத் தள்ளுபடி. கொழும்புக்கு அப்பீல் போகலாம் என்றார்கள். கொழும்பு எந்தப் பக்கம் என்றே தெரியாத காலம் அது. கல்முனையையும் கோடு இருந்த பட்டினத்தையும் விட்டால் எனக்குத் தெரிந்த ஒரே தூரம் சம்மாந்துறைதான், அதற்கும் கால் இல்லை.

நான் பிழை விட்டதாக இன்று வரை ஒத்துக்கொள்ளவில்லை. கூண்டில் நின்று நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று என் பிள்ளைகளிடம் கேட்பேன். பின்னாளில் கடற்கரையில் மீன் ஏலம் கூறி, அந்த வாயாலேயே பிழைத்து, இன்றைக்கு என் பேரில் இரண்டு ஐஸ் லொறி ஓடுகிறது. ஒரு கொம்பனியின் நட்டஈடும் அதில் இல்லை. ஆனால் அது பிறகு நடந்தது. அந்த வருஷம் நான் வலைக்காரரிடம்தான் போனேன். கயிறு இழுக்க முடியாது, அதனால் மணலில் உட்கார்ந்து மீனைத் தரம் பிரிக்கச் சொன்னார். ஏசினார். கேட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் விலை பேசி, வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோன்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வசதியுள்ளவர்கள் நோன்பில்தான் ஸக்காத்துக் கொடுப்பார்கள். ஏழைகள் அவர்கள் வாசலில் போய் நிற்பார்கள். நான் எந்த வாசலிலும் நிற்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை முனையில் லொறிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அரிசி மூட்டையொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த டிரைவர்ப் பொடியன் எங்கள் படலையில் வந்து நின்றான்.

“மொதலாளி தந்தாரு காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான். “ ஸக்காத்து. வழக்கு வேற, இது வேறயாம். செல்லச் சென்னாரு.”

படலையைத் திறக்க என் கை எழவில்லை. திருப்பிக் கொண்டுபோ என்ற சொல் தொண்டைவரை வந்தது. பின்னால் கதவு மறைவில் பெண்சாதி நின்றாள். அன்று நோன்பு திறக்க வீட்டில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து படலையைத் திறந்தாள். பொடியன் மூட்டையை உள்ளே இறக்கினான். தோளைத் துடைத்தான். போகாமல் நின்றான்.

“பிள்ள பொறந்ததா?” என்று கேட்டேன்.

“ஓம் காக்கா. ஆம்புளப் புள்ள. தத்திக்கித் தத்திக்கி நடக்கான்.” பிறகு, “எனக்குத் தெரியும் காக்கா, அண்டைக்கு லொறி எந்தப் பக்கத்தால வந்த எண்டு. கோட்டுல வந்து செல்லியிருந்தா மொதலாளி என்ன வேலைக்கு வச்சிரிக்க மாட்டாரு,” என்றான். “இன்னொருக்கா மாப்புக் கேக்கட்டா?”

“கேக்காத,” என்றேன். “கேட்டா நான் குடுக்கத்தானே வேணும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டே போனான். லொறி இலேசில் எழும்பவில்லை, கம்பி போட்டுச் சுற்றிச் சுற்றித்தான் கிளப்பினான். அது போய் முடியும்வரை நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பெண்சாதி மூட்டையின் வாயை அவிழ்த்து அரிசியை அளந்துகொண்டிருந்தாள். நோன்புக் கஞ்சிக்கு நேரமாகியிருந்தது.